செகண்ட் ஹேண்ட் காரில் டைமிங் கோளாறு: கவரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொள்வது கீழே இருக்கும் கிராங்க் ஷாஃப்ட். வால்வுகளைத் திறந்து மூடுவது மேலே ஹெட்டில் இருக்கும் கேம் ஷாஃப்ட். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால்தான் கேம் ஸ்ப்ராக்கெட்டில் (பல் சக்கரத்தில்) கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைவிட இரண்டு மடங்கு பற்கள் இருக்கும். இந்த இரண்டையும் இணைத்து ஓடவிடுவது டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின்.

கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 20 பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் ஒரே ஒரு பல் தாண்டினால் 360-ஐ 20-ஆல் வகுத்த 18 டிகிரி பிசகிவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடவும் செய்யும். ஆனால் வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடாது. கேம் பின்தங்கியிருந்தால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். உள்ளே இழுத்த கலவையில் ஒரு பகுதியை மேலேறும் பிஸ்டனே திரும்ப வெளியே தள்ளிவிடும். இதனால் கம்ப்ரஷன் குறையும், குறைந்த வேகத்தில் இழுவை இருக்காது, ஏற்றத்தில் செகண்ட் கியருக்கு இறக்க வேண்டியிருக்கும். கேம் முந்திப் போயிருந்தால் கீழே ஓரளவு இழுக்கும், 3,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் திணறும். இரண்டு, மூன்று பற்கள் தாண்டினால் பெரும்பாலும் ஸ்டார்ட்டே ஆகாது. பெல்ட் அறுந்தால் கேம் அப்படியே நின்றுவிடும், பிஸ்டன் மட்டும் ஓடும். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பங்குபோடும் வடிவமைப்பாக இருந்தால் வால்வு வளையும். டீசல் எஞ்சின்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். இப்போதைய பெட்ரோல் எஞ்சின்களிலும் பல இப்படித்தான்.

இதுவரை சொன்னது வால்வு டைமிங். இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், வேறு விஷயம். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய கார்புரேட்டர் மாருதி 800 போன்ற வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி இதை மாற்றலாம். எஞ்சினின் உறிஞ்சலை வைத்துப் பொறியை முந்தவைக்கும் வேக்குவம் அட்வான்ஸ் உள்ள வண்டியில், கம்பெனி மேனுவல் சொன்னால், அந்த ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு, டைமிங் லைட்டின் கிளிப்பை 1-ம் பிளக் வயரில் மாட்டிப் பார்ப்பார்கள். பொறி முந்தினால் லோடு கொடுக்கும்போது நாக்கிங், அதாவது டக்டக் என்று தட்டும் சத்தம், வரும். பிந்தினால் எஞ்சின் சூடேறும், இழுவை போகும். டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாமல் காயில் வைத்த வண்டிகளில் இதைக் கையால் மாற்ற வழியில்லை, கிராங்க் சென்சாரைப் பார்த்து எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. தீர்மானிக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு "டைமிங்கைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்" என்று யாராவது சொன்னால் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம். பழைய டீசல்களில் டீசலைப் பீய்ச்சும் ரோட்டரி பம்புக்கும் தனி டைமிங் உண்டு. அது பிசகினால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதோடு வெள்ளைப் புகையும் வரும். மீதிக் கட்டுரை வால்வு டைமிங்கைப் பற்றியது.

பெல்ட்டா, செயினா?

முதலில் உங்கள் எஞ்சினில் எது இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரே மாடல் பெயருக்குள்ளேயே இது மாறும். ஹூண்டாய் ஐ10-இல் 1.1 லிட்டர் எஞ்சினுக்கு பெல்ட், 1.2 கப்பா எஞ்சினுக்கு செயின். சான்ட்ரோ ஜிங், ஆல்டோ 800, டஸ்டரின் 1.5 டீசல், இன்னோவாவின் 2.5 டீசல் ஆகியவற்றில் பெல்ட். மாருதியின் கே-சீரீஸ் பெட்ரோல், ஸ்விஃப்ட் டீசலில் வந்த ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், ஹோண்டா சிட்டியின் 1.5 ஐ-விடெக் ஆகியவற்றில் செயின்.

பெல்ட் ரப்பர். ஓடினாலும் தேயும், சும்மா நின்றாலும் கிழடாகும். மேனுவலில் கிலோமீட்டர் கணக்கோடு வருடக் கணக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. செகண்ட் ஹேண்ட் வண்டியில் ஓடோமீட்டரை யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாது என்பதால் வருடத்தைத்தான் நம்ப வேண்டும். பெல்ட் மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வது நல்லது. "போன ஓனர் மாத்தியிருப்பாரு" என்பது பில் ஆகாது.

செயின் எஞ்சின் முழுக்க ஓடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆயில் சர்வீஸ் ஒழுங்காக நடந்திருந்தால்தான் அது உண்மை. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. செயினின் பின்களும் புஷ்களும் அந்த ஆயிலில்தான் நனைகின்றன. 10,000-இல் மாற்ற வேண்டிய ஆயிலை 20,000 வரை ஓட்டினால் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் தேய்மானம் சேரும். நூறு இணைப்புக்கு மேல் உள்ள செயினில் அந்தக் கொஞ்சம் கூடிக்கூடி மொத்த நீளமே கூடிவிடும். நீண்ட செயின் கேமை எப்போதும் பின்தள்ளத்தான் செய்யும், முந்தவிடாது. நோய் கண்டுபிடிக்கும்போது இந்த ஒரு விவரம் பல தடவை உதவும்.

காதும் மூக்கும் சொல்வது

ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் இரண்டு மூன்று நொடி முன்பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் வந்து அப்புறம் அடங்கினால், டென்ஷனருக்கு ஆயில் ஏறும்வரை செயின் அதை வழிநடத்தும் கைடில் அடிக்கிறது என்று சந்தேகப்படலாம். வண்டி பார்க்கப் போகும்போது "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்தச் சத்தத்தை உங்களுக்குக் கேட்கவிடாமல் செய்துவிட்டார்கள்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி பட்டென்று நின்றுபோய், மறுபடி செல்ஃப் அடிக்கும்போது வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக "ரீஈஈ" என்று வேகமாகச் சுற்றினால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரஷன் இல்லாத எஞ்சின் அப்படித்தான் சுற்றும். இந்த இடத்தில் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பதுதான் பெரிய தப்பு. தப்பிப் பிழைத்த வால்வுகளும் வளைந்துவிடலாம். சாவியை எடுத்துவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். பல எஞ்சின்களில் அந்த ஓட்டை வழியாகவே கேம் அல்லது ராக்கர் தெரியும். ஒருவர் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு மெதுவாகக் கால் சுற்று சுற்ற, நீங்கள் ஓட்டையில் பாருங்கள். ஸ்பானர் நகர்ந்தும் கேம் அசையவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. ஸ்பானர் எங்காவது கெட்டியாக முட்டினால் அதற்கு மேல் அழுத்தக் கூடாது.

ஸ்கேனர் கோடு: குற்றச்சாட்டு, தீர்ப்பு அல்ல

ஸ்கேனரை மாட்டினால் ஈ.சி.யூ. பதிந்துவைத்த கோளாறு எண்ணைக் காட்டும், அதைத்தான் கோடு என்கிறோம். டைமிங் பிசகிய வண்டியில் அடிக்கடி வரும் கோடு பி0016. கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்வது ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று இதற்கு அர்த்தம். எக்ஸாஸ்ட் கேமுக்கு பி0017. மாறும் வால்வு டைமிங் உள்ள எஞ்சினில் கேம் தேவைக்கு மேல் முந்தினால் பி0011, பிந்தினால் பி0012. கிராங்க் சென்சார் சர்க்யூட்டுக்கு பி0335, கேம் சென்சார் சர்க்யூட்டுக்கு பி0340.

ஈ.சி.யூ. இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பல கார்களில் கிராங்கோடு சுற்றும் சக்கரத்தில் 60 பல் இடங்கள் இருக்கும், இரண்டு பல்லை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. அந்த இடைவெளி கடந்ததிலிருந்து எத்தனையாவது பல்லில் கேம் சிக்னல் வருகிறது என்று எண்ணும். மேலே பார்த்த 18 டிகிரி பிசகு இதன் கணக்கில் மூன்று பல் தள்ளி விழும், செக் எஞ்சின் லைட் எரியும்.

ஆனால் சிக்னல் தள்ளி விழ செயின் மட்டுமே காரணம் இல்லை. பி0016 பார்த்த மாத்திரத்தில் "செயின் கிட் மாத்தணும்" என்று எஸ்டிமேட் போடுவது நம் ஊரில் சகஜம். அதற்கு முன் செலவு குறைந்தவற்றை வரிசையாகத் தள்ளிவிட வேண்டும்.

முதலில் டிப்ஸ்டிக். கேமை முந்தவும் பிந்தவும் வைக்கும் ஃபேஸர் ஆயில் பிரஷரில் ஓடுகிறது. லெவல் குறைந்தாலும், தாரைப்போல கெட்டியான ஆயில் இருந்தாலும், தப்பான கிரேடு ஊற்றியிருந்தாலும் இதே கோடுகள் வரும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கோடை அழித்து, சில நாள் ஓட்டிப் பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. எப்படியும் புதிதாக வாங்கிய பழைய வண்டிக்குச் செய்ய வேண்டிய சர்வீஸ்தானே.

அடுத்தது ஃபேஸருக்கு ஆயிலை அனுப்பும் ஆயில் கன்ட்ரோல் வால்வு. கழற்றினால் சின்ன வலை மாதிரி ஃபில்டர் சில எஞ்சின்களில் இருக்கும். அதில் கசடும் சிலிக்கான் துணுக்கும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். யாரோ வால்வு கவருக்குக் கேஸ்கெட்டோடு சேர்த்து சிலிக்கானை அள்ளிப் பூசியிருந்தால் அதன் துணுக்குகள் வந்து சேரும் இடம் இதுதான். அந்த வால்வின் காயில் ரெசிஸ்டன்ஸை மல்டிமீட்டரில் பாருங்கள். பல டொயோட்டா எஞ்சின்களில் 20 டிகிரி வெப்பத்தில் 6.9 முதல் 7.9 ஓம். சூடான எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல்) ஓடும்போது இன்டேக் பக்கத்து ஆயில் கன்ட்ரோல் வால்வுக்கு பேட்டரி கரன்ட்டை ஒரு நொடி நேராகக் கொடுத்தால் ஐடில் குலுங்க வேண்டும் அல்லது எஞ்சின் நிற்க வேண்டும். எதுவுமே ஆகவில்லை என்றால் வால்வோ ஃபேஸரோ சிக்கியிருக்கிறது.

மூன்றாவது சென்சாரும் வயரும். காந்தப் புலத்தை உணரும், மூன்று வயர் உள்ள ஹால் சென்சாரில் சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் அளக்கலாம். கனெக்டருக்குள் ஆயில் ஏறியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, சென்சார் தன் இடத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். விலை குறைந்த டூப்ளிகேட் சென்சாரே சிக்னலைச் சில டிகிரி தள்ளித் தருவதுண்டு.

நான்காவது, வண்டியின் வரலாறு. பழைய காருக்கே உரிய கேள்வி இது: சமீபத்தில் யார் என்ன வேலை பார்த்தார்கள்? கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் வந்த கோளாறு என்றால் தேய்மானம். பெல்ட், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட், கிராங்க் சீல் என்று ஏதாவது மாற்றிய அடுத்த வாரமே வந்தது என்றால் தேய்மானத்தைத் தேட வேண்டாம், அந்த வேலையைத் தேடுங்கள். ஸ்ப்ராக்கெட்டில் இருக்கும் டைமிங் குறியை ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பார்கள். அல்லது கிராங்க் புல்லி போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் "கைக்கணக்கில்" இறுக்கியிருப்பார்கள். அந்த போல்ட் லூசாக இருந்தால் ஸ்ப்ராக்கெட் ஆடும், ஆடி ஆடி, அதை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவித்துண்டையும் அது உட்காரும் காடியையும் அரித்துவிடும். இந்த நிலையில் கோடு வரும், போகும், மறுபடி வரும். காடி அரிந்த கிராங்கைச் சரிசெய்வது பெல்ட் மாற்றுவதுபோல் லேசான வேலை இல்லை.

இரண்டு மீட்டரில் சந்தேகத்தை உறுதிசெய்வது

முன் கவரைக் கழற்றாமலே பெட்ரோல் எஞ்சினின் வால்வு டைமிங்கை எடைபோட, எஞ்சினின் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ் போதும். சூடான எஞ்சின், ஐடில், இன்டேக் மேனிஃபோல்டில் த்ராட்டிலுக்குப் பின்னால் இருக்கும் ஹோஸ். சென்னை மாதிரி கடல் மட்டத்து ஊரில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலத்தில் (பாதரச அளவு) முள்ளை ஆடாமல் நிறுத்தும். முள் ஆடாமல், ஆனால் 10, 12 என்று தாழ்வாக நின்றால் கேம் பிந்தியிருக்கலாம், அல்லது மேனிஃபோல்டில் காற்று கசியலாம். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும் என்பதை மறக்க வேண்டாம். ஊட்டியில் நல்ல எஞ்சினே 11, 12 என்றுதான் காட்டும்; அதைப் பார்த்துக் கவரைக் கழற்றிவிடாதீர்கள்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, காயில் கனெக்டர்களைக் கழற்றி, எல்லா பிளக்குகளையும் வெளியே எடுத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அடி செல்ஃப். பொதுவாக நல்ல பெட்ரோல் எஞ்சின் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. காட்டும். நான்கும் ஒரே மாதிரி 110-இல் நின்றால் அது டைமிங்கின் அடையாளம். ஒரு சிலிண்டரில் மட்டும் 30 என்றால் வளைந்த அல்லது எரிந்த வால்வு. பிஸ்டன் ரிங் தேய்ந்ததா என்று பிரித்தறிய ஒரு டீஸ்பூன் ஆயிலைப் பிளக் ஓட்டையில் ஊற்றி மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறவில்லை என்றால் வால்வு அல்லது டைமிங்.

குறி பார்ப்பது

இப்போதுதான் மேல் கவரைக் கழற்றலாம். பிளக்குகள் ஏற்கெனவே வெளியே இருப்பதால் கிராங்க் எளிதாகச் சுற்றும். எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களில் அது கடிகார முள் திசை, சில பழைய ஹோண்டாக்களில் எதிர்த்திசை. கேம் போல்ட்டைப் பிடித்து எஞ்சினைச் சுற்றக் கூடாது. 1-ம் பிஸ்டன் உச்சிக்கு வந்து, அதன் வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். கிராங்க் உச்சியில் இருந்தும் கேம் குறி நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது என்றால் பயப்பட வேண்டாம், இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

இங்கே ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு இருக்கின்றன. கிராங்க் புல்லியின் வெளி வளையம் பல வண்டிகளில் ரப்பரால் ஒட்டப்பட்டது. ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் குறியோடு சேர்ந்து நகர்ந்துவிடும். புல்லியில் பத்து டிகிரி பிசகு தெரியும், உள்ளே டைமிங் கச்சிதமாக இருக்கும். அதனால் பிளக் ஓட்டையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ராவை விட்டு, பிஸ்டன் உண்மையிலேயே உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்க் கவரும் கழன்றால் ஸ்ப்ராக்கெட்டில் இருக்கும் குறிதான் முடிவான சாட்சி.

ஏமாறக்கூடிய இரண்டாவது இடம் செயின் எஞ்சினில். செயினில் நிறம் பூசிய இணைப்புகள் இருக்கும். மாட்டும்போது அவை ஸ்ப்ராக்கெட் குறிகளுக்கு நேராக வர வேண்டும். இரண்டு சுற்று சுற்றியதும் அவை நேராக நிற்காது. பல சுற்றுகளுக்கு ஒரு தடவைதான் மறுபடி பொருந்தும். சரியாக மாட்டிய செயினை இதைப் பார்த்துப் பயந்து கழற்றி, மறுபடி தப்பாக மாட்டுகிறவர்கள் உண்டு. சுற்றியபிறகு பார்க்க வேண்டியது ஸ்ப்ராக்கெட் குறிகளை மட்டும்.

பெல்ட் மாற்றும் வேலை

வாங்க வேண்டியது பெல்ட் மட்டும் அல்ல. டென்ஷனர், பெல்ட்டின் பாதையில் சும்மா சுற்றும் ஐட்லர் பேரிங், பெல்ட்டே வாட்டர் பம்பைச் சுற்றும் வண்டி என்றால் வாட்டர் பம்ப், ஆயில் கசிவு இருந்தால் கிராங்க், கேம் சீல்கள், மேனுவல் புதிதாகப் போடச் சொன்னால் கிராங்க் போல்ட். புது பெல்ட்டைப் பழைய பேரிங்கில் ஓட்டுவது காசு மிச்சம் இல்லை. பேரிங் நின்றால் பெல்ட் தேய்ந்து அறுந்துவிடும்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகடிவைக் கழற்றி, வலது முன் சக்கரத்தையும் உள் ஷீட்டையும் எடுத்து, எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்புக்கு அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கியில் எஞ்சினைத் தாங்கிய பிறகே எஞ்சின் மவுன்ட்டைக் கழற்ற வேண்டும். கிராங்க் போல்ட்டைத் தளர்த்த ஸ்பானரை ஃபிரேமில் முட்டுக்கொடுத்து செல்ஃப் அடிக்கிற குறுக்குவழி வேண்டாம். ஸ்பானர் நழுவினால் கை போகும். டாப் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ளலாம், அல்லது ஃப்ளைவீல் லாக் போடலாம்.

பழைய பெல்ட் இன்னும் இடத்தில் இருக்கும்போதே எல்லாக் குறிகளையும் நேராக்குங்கள். பிறகு டென்ஷனரைத் தளர்த்தி எடுங்கள். பெல்ட் வெளியே இருக்கும் நேரத்தில் கிராங்கையோ கேமையோ தனியாகச் சுற்றக் கூடாது. புது பெல்ட்டை மடக்கவோ திருப்பிப் பார்க்கவோ வேண்டாம், உள்ளே இருக்கும் இழை முறியும். ஆயில் கை படக் கூடாது. கிராங்கிலிருந்து தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கத்தில் துளியும் தளர்வு இல்லாமல் இழுத்தபடி கேமுக்குப் போய், கடைசியாக டென்ஷனர் பக்கம் வர வேண்டும். தளர்வு முழுக்க டென்ஷனர் பக்கம் சேர வேண்டும். மறுபக்கம் மிச்சமிருந்தால், இறுக்கியவுடன் ஒரு பல் பிசகிப்போகும். பல் தள்ளி மாட்டிய வண்டிகளில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

டென்ஷனரை மேனுவல் சொன்னபடி இறுக்கி, கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பாருங்கள். அரைப் பல் தள்ளி நிற்பதுபோல் தெரிந்தால் "ஓடிட்டா செட் ஆயிடும்" என்று விட வேண்டாம், கழற்றி மாட்டுங்கள். கிராங்க் போல்ட்டை டார்க் ரெஞ்சில், அந்த எஞ்சினுக்குச் சொன்ன அளவில்.

செயின் வேலை இதைவிடப் பெரியது. முன் கவர் முழுக்க வெளியே வர வேண்டும், சில எஞ்சின்களில் சம்பும் இறங்க வேண்டும். செயின், டென்ஷனர், கைடுகள், ஸ்ப்ராக்கெட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புது செயின் அதிக நாள் உழைக்காது. கைடின் பிளாஸ்டிக் துண்டுகள் சம்பில் விழுந்து ஆயில் பம்பின் வலையை அடைத்திருக்கலாம், அதையும் பார்த்துவிட வேண்டும். 1.3 மல்டிஜெட் போன்ற எஞ்சின்களில் கேமையும் ஃப்ளைவீலையும் பூட்டும் லாக்கிங் டூல் இல்லாமல் தொடவே கூடாது. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சாவித்துண்டே இல்லாமல் போல்ட்டின் இறுக்கத்தில் மட்டும் நிற்கிற சில ஃபோர்டு எஞ்சின்களுக்கும் இதே விதிதான். அந்த போல்ட்டைத் தளர்த்திய நிமிடமே டைமிங் போய்விடும்.

மூடுவதற்கு முன் இன்னொரு தடவை கம்ப்ரஷன் பாருங்கள். நான்கும் ஏறியிருந்தால் கவரைப் பூட்டலாம். ஒன்று மட்டும் ஏறாமல் நின்றால் அந்த வால்வு வளைந்திருக்கிறது, ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். கோடை அழித்து, ஸ்டார்ட் செய்து, எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்ததும் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் கேம் பொசிஷனைப் பார்க்க வேண்டும்: ஈ.சி.யூ. கேட்கும் டிகிரியும் உண்மையில் இருக்கும் டிகிரியும் ஒட்டி நகர வேண்டும். சில வண்டிகளில் கிராங்க் சென்சாருக்கு ஸ்கேனரில் ரீலேர்ன் (மறுபடி கற்கச் சொல்லும் கட்டளை) கொடுக்க வேண்டியிருக்கும். பானெட்டுக்கு அடியில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். டைமிங் பெல்ட் எச்சரிக்கை விளக்கு உள்ள டொயோட்டா டீசல்களில் அந்த விளக்கின் கணக்கையும் ரீசெட் செய்ய வேண்டும். பெல்ட் மாற்றினால் அது தானாக அணையாது.